மாதந்தோறும் வருகிறது, கணக்கில் வருவதில்லை



தாராவியின் ஒற்றை அறை வீடானாலும், மாட்டுங்கா லேபர் கேம்ப்பின் சால் வீடானாலும், செம்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்பானாலும், சிக்கனமாக வாழும் குடும்பத்தில் ஒரு கணக்கு நோட்டு இருக்கும். வீட்டு வாடகை, மின்கட்டணம், ரேஷன், கேஸ் சிலிண்டர், பள்ளிக் கட்டணம், ரயில் பாஸ், ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணம், தசமபாகம் என்று ஒவ்வொன்றும் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் அந்த வீட்டிலுள்ள தாய்க்கும் குமாரத்திகளுக்கும் மாதம் தவறாமல் வருகிற ஒரு செலவு பெரும்பாலும் அந்த நோட்டில் இராது. அது மாதவிலக்கினால் உண்டாகும் செலவு.

இதைக் குறித்து ஒரு குடும்பப் பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். வேதாகமம் முகம் சுளிக்கவில்லை. லேவியராகமம் 15-ஆம் அதிகாரம் இதைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசுகிறது. பெண்ணின் சரீரத்தில் தேவன் வைத்த ஒழுங்கைப் பற்றிப் பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்கு ஆகும் செலவை வீட்டிலுள்ள பெண்களே மறைவாகச் சுமக்கட்டும் என்று விட்டுவிடுவதுதான் வெட்கத்துக்குரியது. ஆகவே, இம்முறை அந்தச் செலவைக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

ஒரு வீட்டின் கணக்கு

ஒரு நாப்கினை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. ஒரு நாளைக்கு நான்கு வீதம் ஐந்து நாட்களுக்கு 20 நாப்கின்கள் தேவை. கடையில் விலை பலவிதமாக இருக்கிறது. ஒன்றுக்கு 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு பெண்ணுக்கு மாதம் 140 ரூபாய். தாயும் வயதுக்கு வந்த இரண்டு குமாரத்திகளும் இருக்கும் வீட்டில் மாதம் 420 ரூபாய். ஆண்டுக்கு 5,040 ரூபாய். ஒரு பெண் பதின்மூன்று வயது முதல் ஐம்பது வயதுமட்டும், கர்ப்ப காலங்களைக் கழித்துவிட்டால், ஏறக்குறைய 400 மாதங்கள் இதைக் கடந்துசெல்கிறாள். 400 மாதங்களுக்கு 8,000 நாப்கின்கள். இன்றைய விலையில் அது 56,000 ரூபாய்.

மாதம் 420 ரூபாய் சிலருக்குச் சிறிய தொகை. 15,000 ரூபாய் வருமானத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கொடுத்து வாழும் குடும்பத்துக்கு அது சில நாட்களின் காய்கறிச் செலவு. அங்கே தாய் என்ன செய்கிறாள்? நான்கு மாற்ற வேண்டிய இடத்தில் இரண்டை வைத்துச் சமாளிக்கிறாள். குமாரத்திகளுக்கு நாப்கின் வாங்கிக்கொடுத்துவிட்டுத் தான் மட்டும் பழைய துணியை எடுத்துக்கொள்கிறாள். எரிச்சலும் தோல் தடிப்பும் தொற்றும் வந்தால் அதையும் வெளியே சொல்வதில்லை. வீட்டின் கணக்கு நோட்டில் மிச்சமாகத் தெரியும் பணம் அவளுடைய சரீரத்திலிருந்து எடுக்கப்பட்ட பணம்.

2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 24 வயதுள்ள இந்தியப் பெண்களில் 64 சதவீதத்தினர் நாப்கின் பயன்படுத்தினர். 50 சதவீதத்தினர் துணியையும் பயன்படுத்தினர். இரண்டையும் கூட்டினால் நூறைத் தாண்டுகிறது. ஏனெனில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவோர் பலர். பள்ளிக்கும் வேலைக்கும் போகும்போது நாப்கின், வீட்டில் இருக்கும்போது துணி என்று செலவைப் பிரித்துக்கொள்ளும் வழக்கத்தை நம் வீடுகளிலும் காணலாம்.

பாலா, நாப்கினா?

இந்தக் கணக்கை உலகம் அறியச் செய்தவர் ஒரு தமிழர். கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் 1998-இல் சாந்தி என்பவரை மணந்தார். மணமான புதிதில், மனைவி எதையோ மறைத்து எடுத்துச் செல்வதைக் கண்டு விசாரித்தார். அது அழுக்கான கந்தைத் துணி. ஏன் நாப்கின் வாங்கக்கூடாது என்று கேட்டபோது, வீட்டிலுள்ள பெண்கள் எல்லாரும் நாப்கின் வாங்கத் தொடங்கினால் வீட்டின் பால் செலவைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று சாந்தி பதில் சொன்னாராம். இதை முருகானந்தமே பல மேடைகளில் கூறியிருக்கிறார்.

பாலா, நாப்கினா என்ற அந்தக் கேள்வி அவரை விடவில்லை. ஒரு நாப்கினில் இருக்கும் பஞ்சின் விலை சில காசுகளே. பின்னர் ஏன் இத்தனை விலை என்று ஆராயத் தொடங்கினார். தாமே பஞ்சில் செய்து பார்த்தார், அது பயன்படவில்லை. பெரிய கம்பெனிகள் பயன்படுத்துவது மரக்கூழிலிருந்து எடுக்கப்படும் நார் என்பதை ஆண்டுகள் கழித்தே கண்டறிந்தார். இதற்கிடையில் ஊரார் அவரைப் பைத்தியம் என்றனர். மனைவியும் தாயும் அவரை விட்டுப் பிரிந்திருந்த காலமும் உண்டு. கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரம் செய்யும் வேலையைச் சில சிறிய இயந்திரங்களாகப் பிரித்து, பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் வாங்கக்கூடிய விலைக்கு அதைக் கொண்டுவந்தார். பிரிந்த மனைவியும் திரும்பிவந்தார். 2016-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவருடைய இயந்திரம் டெல்லிக்கு அருகே ஹாப்பூர் மாவட்டத்தின் கிராமம் ஒன்றில் வேலைசெய்வதைக் காட்டிய ஆவணப்படம் 2019-இல் ஆஸ்கார் விருது பெற்றது.

விருதுகளைவிட நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு கணவன் தன் மனைவியிடம் கேட்டான். அவள் மறைக்காமல் கணக்கைச் சொன்னாள். மற்ற யாவும் அதற்குப் பின் நடந்தவை.

வரியாக வாங்கப்பட்ட பணம்

1.7.2017 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது நாப்கினுக்கு 12 சதவீத வரி விதிக்கப்பட்டது. குங்குமத்துக்கும் பொட்டுக்கும் கண்ணாடி வளையலுக்கும் வரி இல்லை. விரும்பினால் அணிவதற்கு விலக்கு, வேண்டாம் என்றாலும் வருவதற்கு வரியா என்று நாடெங்கும் பெண்கள் கேட்டனர். மும்பையிலுள்ள 'ஷீ சேஸ்' என்ற அமைப்பு, இது இரத்தத்துக்கு விதித்த கப்பம் என்னும் பொருளில் 2017-இல் ஓர் இயக்கத்தையே நடத்தியது. டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. 21.7.2018 அன்று கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் இந்த வரியை முற்றிலும் நீக்க முடிவு செய்தது, 27.7.2018 முதல் அது அமலுக்கு வந்தது.

ஆயினும், விலை 12 சதவீதம் அப்படியே குறைந்துவிடவில்லை. தயாரிப்பாளர் வாங்கும் மூலப்பொருட்களுக்கு வரி தொடர்ந்தது. விற்கும் பொருளுக்கு வரி இல்லாதபோது, மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறும் உரிமை அவருக்குக் கிடையாது. அந்தச் சுமை விலையில் ஒளிந்துகொள்கிறது. வேறு தேசங்களும் இதே பாதையில் நடந்திருக்கின்றன. ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா 2004-இலேயே நாப்கின் மீதான விற்பனை வரியை நீக்கியது. ஸ்காட்லாந்து 2020-இல் ஒரு சட்டம் இயற்றி, தேவைப்படும் எவரும் இலவசமாகப் பெறலாம் என்று ஏற்பாடு செய்தது; 2022 ஆகஸ்டு முதல் அது நடைமுறையில் உள்ளது.

நம் தேசத்தில் தமிழக அரசு 2011-இல் அறிவித்த 'புது யுகம்' திட்டம் கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் வழங்கத் தொடங்கியது. மகாராஷ்டிர அரசு 8.3.2018 அன்று தொடங்கிய 'அஸ்மிதா' திட்டத்தில் ஜில்லா பரிஷத் பள்ளி மாணவிகளுக்கு எட்டு நாப்கின் கொண்ட பொதி 5 ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டது. இரண்டும் நல்ல திட்டங்களே. ஆனால் ஒன்று ஊரில் இருப்பவர்களுக்கு. மற்றொன்று மகாராஷ்டிரத்தின் கிராமங்களுக்கு. ஊரைவிட்டு மும்பைக்கு வந்த குடும்பத்தின் குமாரத்தி இரண்டுக்கும் நடுவே நின்றாள்.

கழிப்பிடத்துக்குக் கொடுக்கும் காசு

மும்பையில் இந்தச் செலவோடு இன்னொரு செலவும் சேர்ந்துகொள்கிறது. தாராவியில் பெரும்பாலான வீடுகளுக்குள் கழிப்பறை இல்லை. நாப்கினை மாற்றவேண்டுமானால் பொதுக்கழிப்பிடத்துக்குத்தான் போகவேண்டும். ஒரு முறைக்கு 3 ரூபாய் என்று வைத்து, நாளொன்றுக்கு நான்கு முறை போனால் 12 ரூபாய். ஐந்து நாட்களில் 60 ரூபாய். அதனால் பல பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கின்றனர்; மாற்றவேண்டிய நேரம் கடந்தும் இரவுமட்டும் பொறுத்துக்கொள்கின்றனர். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததும், உபயோகித்ததைப் போடக் குப்பைத்தொட்டி இல்லாததும் இந்தப் பொறுமையை இன்னும் நீட்டிவிடுகின்றன.

இந்த அநியாயத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததும் நம் பகுதிதான். செம்பூரில் இயங்கும் 'கோரோ' என்ற தொண்டு நிறுவனமும் வேறு பல அமைப்புகளும் இணைந்து, 2011-இல் 'ரைட் டு பீ' என்ற இயக்கத்தைத் தொடங்கின. மும்பையில் சிறுநீர் கழிக்க ஆண்களுக்குக் காசு கிடையாது. பெண்களிடம் மட்டும் காசு வாங்கப்படுகிறது என்பதே அவர்கள் எழுப்பிய முதல் முறையீடு. 2015 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றமும் வேறொரு வழக்கில், பெண்களுக்குச் சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கழிப்பிடங்களை ஏற்படுத்துவது மாநகராட்சிகளின் கடமை என்று உத்தரவிட்டது. இது தானாகப் பிறந்த தீர்ப்பல்ல. தெருத்தெருவாகச் சென்று கழிப்பிடங்களைக் கணக்கெடுத்துக் கேள்வி கேட்ட பெண்களின் உழைப்பும் அதற்குப் பின்னால் உண்டு.

இழக்கப்படும் கூலி

நாப்கினின் விலையைவிடப் பெரிய விலை, வேலைக்குப் போகமுடியாத நாளின் கூலி. மாதச் சம்பளமும் விடுப்பும் உள்ளவர்களுக்கு இது உடனே தெரியாது. வீட்டு வேலை செய்யும் சகோதரி வயிற்றுவலியால் ஒரு நாள் போகாவிட்டால், சில வீடுகளில் சம்பளத்தைப் பிடித்துக்கொள்கின்றனர். வீட்டில் உட்கார்ந்து தைக்கிறவளுக்கும் இட்லி விற்கிறவளுக்கும் கை நின்றால் காசும் நின்றுவிடும். ஆகவே வலியோடு எழுந்து போகின்றனர்.

இது எந்த அளவுக்குப் போகக்கூடும் என்பதை நம் மாநிலத்திலேயே கண்டோம். மராத்வாடாவிலுள்ள பீட் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கரும்பு வெட்டுவதற்காக மேற்கு மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் போகின்றன. கணவனையும் மனைவியையும் ஒரே கூலியாளாகக் கணக்கிட்டு, ஒப்பந்ததாரர் முன்பணம் கொடுக்கிறார். ஒரு நாள் வேலை நின்றால் 500 ரூபாய் அபராதம் பிடிக்கப்படுவதாக அப்பெண்கள் கூறினர். வயலில் கழிப்பறையும் இல்லை, தண்ணீரும் இல்லை. மாதவிலக்கும் அதனால் வரும் நோயும் இல்லாதிருந்தால் கூலியாவது நிற்காதே என்று எண்ணி, கர்ப்பப்பையையே எடுத்துவிடத் துணிந்தவர்கள் உண்டு. சாதாரண வலிக்கும்கூட அந்த அறுவைசிகிச்சையே வழி என்று சொன்ன தனியார் மருத்துவர்களும் இருந்தனர். 2019-இல் இச்செய்தி வெளியானபோது மாநில அரசு நீலம் கோர்ஹே அவர்களின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அம்மாவட்டத்தில் விசாரிக்கப்பட்ட கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரில் 13,861 பேர் கர்ப்பப்பை அகற்றப்பட்டவர்கள் என்று தெரியவந்தது. ஆறு பேரில் ஒருவர்! அறுவைசிகிச்சைக்கு வாங்கிய கடனை அடைக்க அவர்கள் மறுபடியும் அதே கரும்புக் காட்டுக்குத்தான் போனார்கள்.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒப்பான நிலை ஒன்று உண்டு. நம் உறவினர் வீட்டுப் பெண்கள் பலர் வேலைசெய்யும் தையல் ஆலைகளில், மாதவிலக்கு வலியோடு வருகிறவர்களுக்குப் பெயர் அச்சிடப்படாத மாத்திரைகள் கொடுத்து வேலையைத் தொடரச் செய்ததாக 2019-இல் ஒரு சர்வதேசச் செய்தி நிறுவனம் வெளியிட்டது. ஒரு நாள் ஓய்வெடுத்தால் கூலி போய்விடுமே என்று அவர்கள் அதை விழுங்கினர்.

பெரும்பாடுள்ள ஸ்திரீயின் செலவு

பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கினால் வருந்திய ஸ்திரீயின் சரித்திரத்தை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அவளுடைய விசுவாசத்தைப் பற்றியும், வஸ்திரத்தைத் தொட்டதைப் பற்றியும் பிரசங்கிக்கிறோம். மாற்கு 5-ஆம் அதிகாரம் அதற்கு முன்னதாகவே ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறது: அவள் வைத்தியர்களிடத்தில் தன் கையிலிருந்த யாவையும் செலவழித்துத் தீர்த்துவிட்டாள், குணமும் காணவில்லை. சுவிசேஷகர் அவளுடைய வியாதியை மட்டும் எழுதவில்லை, அவளுடைய வெறுமையான பணப்பையையும் எழுதினார். ஆண்டவர் அவளைக் கூட்டத்தின் நடுவே மகள் என்று அழைத்தார். அவளுடைய செலவை வேதம் கணக்கில் எடுத்துக்கொண்டது, நாம் எடுத்துக்கொள்வதில்லை.

இன்றும் அளவுக்கு மீறிய உதிரப்போக்கு உள்ளவர்கள் நம் நடுவில் உண்டு. ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தாலோ, ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைந்துவிட்டாலோ, பெரிய கட்டிகளாக வெளிப்பட்டாலோ அது வழக்கமானதல்ல. மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. மாநகராட்சி மருந்தகங்களிலும், சயான் லோகமான்ய திலகர் மருத்துவமனை போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளிலும் குறைந்த செலவில் பரிசோதிக்கலாம். ஜெபிக்கிறோம் என்று சொல்லி ஒரு சகோதரியை மருத்துவரிடம் போகவிடாமல் தடுப்பது விசுவாசமாகாது.

செலவைக் குறைக்கும் வழிகள்

முதலாவது, மக்கள் மருந்தகம் எனப்படும் ஜன் ஔஷதி கடைகள். இங்கே 'சுவிதா' என்ற நாப்கின் 2018-இல் இரண்டரை ரூபாய் விலையில் அறிமுகமாயிற்று, 27.8.2019 முதல் ஒன்று 1 ரூபாய் ஆக்கப்பட்டது. முன்னே நாம் போட்ட கணக்கில் 420 ரூபாய் என்பது இங்கே 60 ரூபாயாகிவிடும். 56,000 ரூபாய் 8,000 ரூபாயாகிவிடும். எல்லா நேரமும் கையிருப்பு இருக்கும் என்று சொல்வதற்கில்லை; இருக்கும்போது இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கலாம்.

இரண்டாவது, துணி. துணி தாழ்வானதல்ல. சுத்தமான பருத்தித் துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்தலாம். நம் வீடுகளில் துணியினால் வரும் தீங்குக்குக் காரணம், வெட்கத்தினால் அதை மற்றத் துணிகளுக்கு அடியிலோ பரணின் இருட்டிலோ காயப்போடுவதுதான். மும்பையின் மழைக்காலத்தில் அது காய்வதே இல்லை. ஈரத்துணியை அணிவதே நோய்க்கு வழி. ஒரு கொடியில் வெயில் படும்படி அதை உலர்த்த வீட்டார் இடங்கொடுத்தால் போதும்.

மூன்றாவது, சிலிக்கோனால் செய்யப்பட்ட மாதவிடாய்க் கப். சில நூறு ரூபாய் விலையுள்ள ஒன்றைப் பத்து ஆண்டுகள்வரை பயன்படுத்தலாம். 2019-இல் கேரளத்தின் ஆலப்புழை நகராட்சியில் 5,000 பெண்களுக்கு இது இலவசமாக வழங்கப்பட்டது. இதைக் கொதிநீரில் சுத்தம் செய்யவேண்டும். மாற்றுவதற்குத் தண்ணீரும் தனிமையும் வேண்டும். பொதுக்கழிப்பிடத்தை நம்பியிருப்போருக்கு இது கடினம். வீட்டுக்குள் கழிப்பறை உள்ளவர்கள் ஒரு செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்டறிந்து தொடங்கலாம்.

குடும்பத் தலைவர்களுக்கும் சபைக்கும் ஒரு வார்த்தை

சகோதரரே, உங்கள் மனைவியும் மகளும் இதற்காக உங்களிடம் காசு கேட்கத் தயங்குகின்றனர் என்றால், அந்தத் தயக்கத்தை நீக்கவேண்டியவர் நீங்களே. அரிசிக்கும் எண்ணெய்க்கும் ஒதுக்குவதுபோல மாதத் தொடக்கத்திலேயே இதற்கும் ஒரு தொகையை ஒதுக்குங்கள். மெடிக்கல் கடையில் நீங்களே கேட்டு வாங்கி வாருங்கள். கறுப்புப் பையில் சுற்றித் தருவார்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தகப்பன் வெட்கப்படாத வீட்டில் மகளும் வெட்கப்படமாட்டாள். வலி வந்தாலும் உதிரம் மிகுந்தாலும் காலத்தோடே சொல்லுவாள்.

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கும் குடும்பங்களே, அவர்களுக்கு மாதம் இரண்டு நாள் சம்பளத்தோடு ஓய்வு கொடுங்கள், காரணம் கேட்காதிருங்கள். வேலை நேரத்தில் உங்கள் கழிப்பறையை அவர்களுக்கும் திறந்துகொடுங்கள்.

நம் சபைகளிலும் காலைமுதல் மாலைமட்டும் உபவாச ஜெபம் நடக்கிறது. அங்கு வரும் வாலிபப் பெண்களுக்கு ஆலயத்தின் கழிப்பறையில் தாழ்ப்பாளும், தண்ணீரும், மூடியுள்ள குப்பைத்தொட்டியும், அவசரத்துக்கு ஒரு பொதி நாப்கினும் இருக்கின்றனவா என்று சபை மூப்பர்கள் பார்க்கவேண்டும். 1 ரூபாய் நாப்கின் நூறு வாங்க 100 ரூபாய்தான் ஆகும். அடுத்த மாதச் சபைக் கணக்கில் அந்த 100 ரூபாயை, இன்னதற்கென்று பெயர் சொல்லியே எழுதுங்கள்.